குட்டியை விட்டுவிடு என்னும் விதி

இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபோது அது வேட்டையை அடியோடு ஒழித்துவிடவில்லை. இன்று பலருக்கு இது நினைவில் இல்லை. முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளைத் தொடக்கூடாது, மற்றவற்றில் பலவற்றை உரிமம் வாங்கிக்கொண்டு சுடலாம் என்பதே அதன் முதல் வடிவம். பெருவேட்டைக்கு ஓர் உரிமம், சிறுவேட்டைக்கு ஓர் உரிமம், கண்ணி வைத்துப் பிடிக்க இன்னோர் உரிமம் என்று தனித்தனியாக இருந்தன. உரிமம் பெற்றவரும் தனி அனுமதி இல்லாமல் சுடக்கூடாதவை என்று அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு மூன்றைச் சொன்னது: விலங்கின் குட்டி, பெண் விலங்கு, கொம்பின் மேல் தோல் இன்னும் உரியாத மான். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் துப்பாக்கிக்கு எஞ்சுவது முற்றிய கொம்போடு நிற்கும் வளர்ந்த ஆண்மான் மட்டுமே. 1991-இல் வந்த திருத்தம் இந்தப் பிரிவையும் அதையொட்டிய உரிம ஏற்பாட்டையும் நீக்கி, வேட்டையை முழுவதுமாகத் தடைசெய்தது. பிரிவு போய்விட்டது, அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் போகவில்லை. சிறியதை விட்டுவிடு, பெரியதை எடு என்பது வேட்டைக்காரர், மீனவர், வனத்துறையினர், சும்மா வேடிக்கை பார்ப்பவர் என எல்லோரும் யோசிக்காமலே ஒப்புக்கொள்ளும் நியாயமாக இன்னும் இருக்கிறது. அது உண்மையில் எந்த அளவுக்கு நியாயம் என்பதே இங்கே கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருந்துகொண்டு இதைக் கேட்பது பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் பூங்காக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் மான் எங்கே, வேட்டை எங்கே? ஒரகடத்தைத் தொட்டுச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனையில், உயிரியல் பூங்காவின் வேலிக்குள் மானைப் பார்க்கலாம். அதற்கு மேல் வடக்கே போனால் கிண்டி. ஆனால் தொழிற்சாலைச் சுவர்களுக்கு இடையே இன்னும் ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் மீன் குத்தகை நடக்கிறது, தூண்டில் போடுகிறார்கள். எலியும் பாம்பும் பிடிக்கத் தெரிந்த இருளர் குடியிருப்புகள் இந்த வட்டாரத்தில் உண்டு. காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி மாநில அரசு 2025-இல் ஆணை போட்டது. எதைப் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்ற கேள்வி மானோடு முடிந்துபோகவில்லை.

இந்த விதி டெல்லியில் பிறந்ததல்ல. பழைய சென்னை மாகாணத்திலேயே அதற்கு ஆழமான வேர் உண்டு. நீலகிரியில் 1877-இல் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1879-இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டெருது, கடமான், வரையாடு, மற்ற மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில் எனப் பலவும் அதன் பட்டியலில் இருந்தன. சங்கத்தை நடத்தியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும். பெண்ணையும் குட்டியையும் விட்டு, வரையாட்டில் முதுகு வெளுத்த கிழட்டு ஆணை மட்டும் சுடுவதே கண்ணியமான வேட்டை என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். கரும்பழுப்பு உடம்பில் சேணம் போட்டதுபோல் வெள்ளித்திட்டு விழுந்த அந்த ஆணைத் தொலைவிலிருந்தே இனம் காணலாம். இதனால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல முடியாது. நீலகிரி வரையாடு இன்றுவரை பிழைத்திருப்பதில் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. ஆனால் இதே விதி குறும்பரையும் இருளரையும் ஒரே நாளில் திருட்டு வேட்டைக்காரர்களாக்கியது. வலையும் நாயும் வைத்து இறைச்சிக்காகப் பிடித்தவர்களுக்குக் கொம்பின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அடுப்பில் வேகாத கொம்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து, லண்டனில் 1892 முதல் ரோலண்ட் வார்டு அச்சிட்ட பதிவேட்டில் இடம்பிடிக்கத் துடித்தவர்களின் ஒழுக்கம்தான் சட்டமாகியது.

வேட்டை இன்னும் சட்டப்படி நடக்கும் நாடுகளில் வேட்டைக்காரர்களின் கருத்து மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. முதல் கூட்டம் கொம்புக்காரர்கள். சின்ன ஆணை இன்று சுட்டுவிட்டால் நான்கு வருடம் கழித்து வரவேண்டிய பெரிய ஆண் இல்லாமல் போகும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2002 முதல், பகுதியைப் பொறுத்து ஒரு கொம்பில் மூன்று அல்லது நான்கு கிளையாவது இருந்தால்தான் ஆண்மானைச் சுடலாம் என்று கட்டுப்பாடு வந்தது இந்த எண்ணத்தில்தான். இரண்டாவது கூட்டம் இறைச்சிக்காரர்கள். இளம் மானின் கறி மெத்தென்று இருக்கும், தூக்கிவருவதும் எளிது. காட்டில் எப்படியும் சாகப்போகிற குட்டியை எடுத்துக்கொண்டால் என்ன குறை என்று இவர்கள் கேட்கிறார்கள். மூன்றாவது கூட்டம் காட்டை நிர்வகிப்பவர்கள். ஜெர்மானிய மரபு இந்த மூன்றாவது வகை. அங்கே ஒவ்வொரு வேட்டைப்பகுதிக்கும் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டி என்று சுடவேண்டிய திட்டம் உண்டு. தாயைச் சுடும் முன் குட்டியைச் சுட வேண்டும் என்பது வழக்கம். குட்டியை வளர்க்கத் தேவையான தாய்தந்தையரை அது தானாகப் பிழைக்கும் காலம்வரை சுடக்கூடாது என்பது அந்நாட்டு வேட்டைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் 15-ஆவது பிரிவு குட்டியையும் தாயையும் ஒரே வரியில் வைத்துக் காத்தது. ஜெர்மானியர்கள் தாயை இழந்து குட்டி தவிக்கக் கூடாது என்றே குட்டியை முதலில் எடுக்கிறார்கள். இரண்டு மரபும் விலங்கின் நன்மையைத்தான் பேசுகின்றன, ஆனால் முடிவு நேர் எதிர்.

எது சரி என்று தீர்க்க உயிரியலில் ஓர் அளவுகோல் இருக்கிறது. ரொனால்டு ஃபிஷர் 1930-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார்: ஒரு விலங்கு இனிமேல் எத்தனை வாரிசுகளை விட்டுச்செல்லும் என்று எதிர்பார்க்கலாம் என்பதே அந்த இனத்துக்கு அதன் மதிப்பு. புள்ளிமானை எடுத்துக்கொள்வோம். சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி. பிறந்த குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தாய் மேயப் போகிறது. நரி, செந்நாய், சிறுத்தை, நோய், வறட்சி என்று முதல் வருடத்தில் குட்டியைக் காத்திருக்கும் சாவு பல. அந்த வருடத்தைத் தாண்டிய பெண்மானோ ஆண்டுதோறும் ஈனும், பல ஆண்டுகள் ஈனும். ஆகவே இனத்தின் கணக்கில் மிக விலையுயர்ந்த உயிர் ஈனும் பருவத்தை எட்டிய பிணை, அதாவது பெண்மான். குட்டியின் மதிப்பு அதைவிடக் குறைவு. ஓர் ஆண் பல பிணைகளோடு சேரும் என்பதால் ஆணின் மதிப்பு இன்னும் குறைவு. மான்களின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்பது நோக்கமானால் சட்டம் காத்த மூன்றில் பெண்ணைக் காத்ததே அசைக்க முடியாத அடிப்படை. குட்டியைக் காத்ததற்கு எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கும் ஆதரவு மெலிவானது. தோல் உரியாத கொம்புடைய ஆணைக் காத்ததற்கு அதுவும் இல்லை. அந்த நிலையில் உள்ள ஆணும் உரிந்த பின் நிற்கும் ஆணும் ஒரே உயிர்தான். மாறுவது சுவரில் மாட்டும் பொருளின் அழகு மட்டுமே. மருந்துக்காக இளங்கொம்பைக் கடத்துவதைத் தடுக்கத்தான் அந்த வரி என்று வாதிடலாம். வணிகத்தைக் கட்டுப்படுத்த அதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கும்போது அந்த வாதம் நிற்காது. நீலகிரிப் பங்களாக்களின் சுவர் அலங்காரம் சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்குள் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரியதை எடு என்ற மறுபாதியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ராம் மலையில் பெருங்கொம்புச் செம்மறிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கொம்பு குறிப்பிட்ட அளவுக்கு வளைந்த ஆண்களை மட்டுமே சுடலாம் என்பது அங்கே விதி. கொம்பு வேகமாக வளரும் ஆண், இனச்சேர்க்கையில் முழுதாக இறங்கும் முன்பே சுடத்தக்கதாகிவிடுகிறது. கொம்பு மெல்ல வளரும் ஆண் தப்பித்து வாரிசு விடுகிறது. காலப்போக்கில் அந்த மலையில் ஆண்களின் கொம்பு சிறுத்தது என்று 2003-இல் நேச்சர் இதழில் அறிக்கை வந்தது. எவ்வளவு பங்கு மரபுக் காரணம், எவ்வளவு மேய்ச்சலின் தட்டுப்பாடு என்று அதன்பின் விவாதம் நடந்தது. அது நடக்க வேண்டியதுதான். ஆனால் சிறியதை விட்டுப் பெரியதை எடுத்தால் பெரியது என்றைக்கும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற கொம்புக்காரர்களின் நம்பிக்கையில் அங்கே விரிசல் விழுந்துவிட்டது.

இதற்குக் கனடாவரை போக வேண்டியதில்லை. ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஏரிகளிலேயே நல்ல சான்று இருக்கிறது. குத்தகை ஏரிகளில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்றோட்டத்தில் இனம் பெருக்கும் மீன்கள். தேங்கிய ஏரியில் அவை குஞ்சு பொரிப்பதில்லை. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி ஊசிபோட்டு முட்டையிட வைக்கும் முறையைக் கண்ட பிறகுதான் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது. விரலளவுக் குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து வாங்கிவந்து விடுகிறார்கள். இந்த மீன்களில் சிறியதை விட்டுப் பெரியதைப் பிடிப்பது முழுக்க முழுக்க எடைக் கணக்கு. கால் கிலோவில் பிடித்தால் நட்டம், ஒரு கிலோவில் பிடித்தால் லாபம். விராலின் கதை வேறு. அது இந்த ஏரியிலேயே பிறந்து இந்த ஏரியிலேயே பெருகுவது. மழைக்காலத்தில் கரையோரக் கோரைக்கு நடுவே செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீரின் மேற்பரப்பில் கொப்பளித்தபடி ஒரு திரளாக நகரும். அதற்கு நேர் கீழே பெற்றோர் மீன் காவல் நிற்கும். குஞ்சை நெருங்கும் எதையும் அது சீறிப் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு இது தெரியும். குஞ்சுத் திரளுக்குள் தவளையையோ ரப்பர்த் தவளையையோ வீசினால் இரண்டே வீச்சில் பெரிய விரால் சிக்கிவிடும். குஞ்சை யாரும் தொடவில்லை, பெரியதை மட்டும்தான் எடுத்தார்கள், விதி மீறப்படவில்லை. ஆனால் காவல் போன திரளைக் கெண்டையும் கெளுத்தியும் தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் சிறிது நேரத்தில் தீர்த்துவிடும். அளவை மட்டும் பார்க்கும் விதி எங்கே தோற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் சொல்லலாம்: பெண்ணைக் காப்பதே முதன்மை என்றால் பெண்ணை ஒருபோதும் சுடாதீர்கள், அத்தோடு விஷயம் முடிந்தது. முடியவில்லை. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1906-இல் மான்களுக்குக் காப்பிடம் அமைத்து, அவற்றைத் தின்னும் விலங்குகளை அரசே கொன்று குவித்தது. மான்கள் பெருகின, 1920-களில் மேய்ச்சல் தீர்ந்து பட்டினியில் மடிந்தன. அந்தப் பெருக்கத்துக்குச் சொல்லப்பட்ட எண்களை விலங்கியலாளர் கிரேம் காக்லி 1970-இல் கேள்விக்குள்ளாக்கினார், அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனாலும் தின்பவை இல்லாத இடத்தில் மான் தன் காட்டையே தின்று அழிக்கும் என்பது வேறு பல இடங்களில் நிரூபணமானது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1943-இல் கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதித்தபோது ஏறத்தாழ 1,28,000 மான்கள் விழுந்தன. அந்த முடிவை ஆதரித்த வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டை வேட்டைக்காரர்களே தூற்றினார்கள். அந்த ஆண்டை ஒரு குற்றத்தின் பெயராகவே நெடுநாள் சொல்லிவந்தார்கள். பட்டினியில் சாகும் மான் கூட்டத்தைவிடச் சுடப்பட்ட பிணை அவர்கள் கண்ணை அதிகம் உறுத்தியது. நம் நாட்டில் அந்தமான் இதற்கு உதாரணம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், தின்ன ஒரு விலங்கும் இல்லாத தீவுகளில் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் அடித்தளத்தையே மொட்டையாக்கிவருகிறது. கிண்டியிலும் புள்ளிமான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதே. அங்கே புல்வெளி சுருங்கி மரமும் புதரும் அடர, வெளிமான் ஒடுங்கிவிட்டது. இந்த இடங்களில் துப்பாக்கி எடுக்கச் சொல்லவில்லை. குட்டியும் பிணையும் புனிதம் என்ற ஒரே வாய்பாட்டை எல்லா நிலத்துக்கும் ஒப்பிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

காட்டுப்பன்றியில் இந்த வாய்பாடு தலைகீழாகவே ஆகிவிடுகிறது. மான் ஈற்றுக்கு ஒன்று போடும். பன்றி பல குட்டிகள் போடும், தீனி நன்றாகக் கிடைத்தால் பெண் குட்டி ஒரு வயதைச் சுற்றியே தாயாகிவிடும். ஆகவே பன்றிக் கூட்டம் பெருகுவதில் இளம் பெண்களின் பங்கு மிகப் பெரியது. ஐரோப்பாவில் பன்றியைக் கட்டுப்படுத்த விரும்புவோர் முதலில் குட்டிகளையும் இளசுகளையும் எடுக்கச் சொல்வது இதனால்தான். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். தூரத்தை வைத்து எழுதிய இந்த ஆணை நிர்வாகத்துக்கு வசதியானது, குழப்பமில்லாதது. ஆனால் வயலில் சிக்கும் பெரிய தனி ஆணை மட்டும் சுட்டுவிட்டு, பின்னால் வரும் குட்டிக் கூட்டத்தை இரக்கப்பட்டு விட்டால் அடுத்த பருவத்தில் நிலக்கடலைக்கும் கிழங்குக்கும் அதே சேதம் திரும்பிவரும்.

இரக்கம் என்றதும் இந்த விவாதத்தில் எடை மிகுந்த மறுப்பு எழுகிறது. குட்டியைக் கொல்வது கொடுமை. அதற்கு எண்ணிக்கைக் கணக்கு எதற்கு? இந்த உணர்வை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மனிதர் வேட்டையில் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகளில் பழமையானது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரக்கத்தை அதன் முடிவுவரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பால் குடிக்கும் குட்டியை விட்டுத் தாயைச் சுட்டவர் குட்டியைக் காப்பாற்றவில்லை. அதன் சாவைத் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவைத்தார். கோடையிலும் மழையிலும் ஈனும் புள்ளிமானுக்குக் குளிர்நாட்டு மான்போல ஒரே பிறப்புக்காலம் இல்லை என்பதால், இங்கே வேட்டைக்கு மூடிய மாதம் என்று ஒன்றை அறிவித்தும் இந்தத் துயரத்தைத் தவிர்க்க முடிந்திருக்காது. இரக்கம் பார்ப்பவர் பார்க்க வேண்டியது தாயும் குட்டியும் சேர்ந்த இணையை. குட்டியின் சிற்றுடலை மட்டும் பார்த்தால் போதாது.

அப்படியானால் ஜெர்மானியர்போல் நாமும் திட்டம் போட்டு, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்துச் சுடும் முறைக்குப் போகலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் இந்த முறையின் அடித்தளம் எது என்று பார்க்க வேண்டும். அங்கே வேட்டைக்காரர் தேர்வு எழுதித் தேறியவர். பகுதிக்குப் பொறுப்பாளர் உண்டு. விழுந்த ஒவ்வொரு விலங்கும் பதிவாகிறது. இங்கே இருட்டில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு, மின்னும் இரண்டு கண்களைக் குறிவைத்து நாட்டுத் துப்பாக்கியால் சுடுபவருக்குப் பிணை எது, ஆண் எது என்று தெரியாது. புதர் வழியில் கட்டிய கம்பிச் சுருக்குக்கு அதுவும் வேண்டாம். கழுத்து நுழைந்தால் போதும். இனம் கண்டு சுடு என்ற விதி, பகல் வெளிச்சமும் கணக்கெடுப்பும் சோதனையும் இருக்கும் இடத்தில் மட்டுமே விதி. இல்லாத இடத்தில் அது காகிதம். 1991-இன் முழுத் தடையை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இதுதான். குட்டி பாவம் என்பதற்காக மட்டும் அன்று. எதை எடுத்தோம், எத்தனை மிச்சம் என்று சொல்ல ஏற்பாடு இல்லாத நாட்டில் நுணுக்கமான எந்த விதியும் திருட்டு வேட்டைக்கே குடைபிடிக்கும் என்பதற்காகவும்.

அந்தத் தடையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. விடுமுறை வேட்டைக்காரர் கேமராவுக்கு மாறிக்கொண்டார். இருளருக்கும் நரிக்குறவருக்கும் மாற்று இல்லை. ஆனால் அவர்களிடமிருந்துதான் நல்ல முன்மாதிரியும் அதற்கு முன்பே வந்திருந்தது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின் 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிக்கிறது. சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறது. வேட்டையறிவு, எண்ணிக்கை, பதிவு, விடுவிப்பு நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே கேட்பது இரண்டுதான். காட்டுப்பன்றியைச் சுடும் வனத்துறை, சுட்ட ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா என்பதையும் அதன் தோராய வயதையும் குறித்து ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்தக் கணக்கு இல்லாமல் அடுத்த ஆணை எழுத வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏரிகளை மீன் குத்தகைக்கு விடுவோர், குஞ்சுத் திரளோடு நிற்கும் விராலைப் பிடிக்கக்கூடாது என்ற ஒரு வரியைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்கட்டும். தொழிற்சாலை விடுப்பு நாளில் ஏரிக்கரைக்குத் தூண்டிலோடு வருகிறவர்களுக்கும் அதே வேண்டுகோள்: செம்மஞ்சள் திரளைக் கண்டால் அந்தப் பக்கம் வீசாதீர்கள்.